வெளிநாட்டுப் பல் மருத்துவ உரிமம்: கடலூர்க் கோப்பு ஒன்று எங்கெங்கே நின்றது

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பி.டி.எஸ். முடித்துவிட்டு வெளிநாட்டில் தொழில் செய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது தேர்வைப் பற்றித்தான். எத்தனை கேள்வி, எத்தனை மார்க், எந்தக் கோச்சிங் நல்லது. கோப்பு முதலில் நிற்பது அங்கே அல்ல. பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல், மூன்றே மாதத்தில் காலாவதியாகும் ஒரு சான்று, மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத ஒரு கிளினிக் முதலாளி என்று தேர்வு வாசலுக்குப் போவதற்கு முன்பே அது நாலைந்து இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடங்களைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இதில் வரும் விண்ணப்பதாரர் தனியொரு ஆள் அல்லர். இந்த வட்டாரத்துக் கோப்புகளில் வழக்கமாக எழும் சிக்கல்களை ஒரே ஆள்மேல் ஏற்றி அமைத்த மாதிரி இது. நாடுகளின் விதிகள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதால், பணம் கட்டும் நாளில் அந்தந்த வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்பின் சொந்தக்காரர்

திருப்பாதிரிப்புலியூர்க்காரர். சிதம்பரம் அண்ணாமலை நகரில் நான்கு ஆண்டு பி.டி.எஸ்., ஓர் ஆண்டு சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் கட்டாய இன்டர்ன்ஷிப். 2018-இல் முடித்துத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தார். பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் மாலை நேர வேலை, இரண்டு ஆண்டு. பகலில் புதுச்சேரி எல்லை தாண்டி பாகூர்ப் பக்கம் இன்னொரு கிளினிக், ஓர் ஆண்டு. 2021-இல் குழந்தை பிறந்தது. ஒன்றரை ஆண்டு சேரில், அதாவது சிகிச்சை நாற்காலியில், கை வைக்கவில்லை. கணவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. 2023 தொடக்கத்தில் கோப்பைத் திறந்தார்.

சீனியர்கள் அவருக்குச் சொல்லியிருந்த வழி சுலபமானது. “ஓ.ஆர்.இ. எழுதும்வரை சும்மா இருக்காதேம்மா, பி.டி.எஸ். வைத்தே ஹைஜீனிஸ்ட்டாகவோ தெரபிஸ்ட்டாகவோ பதிவு பண்ணிக்கலாம், வேலை பார்த்துக்கொண்டே படி.” ஓ.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் பிரிட்டனில் பதிவு பெற எழுதும் தேர்வு. அங்கே அந்தப் பதிவைத் தரும் ஜெனரல் டென்டல் கவுன்சில், அதாவது ஜி.டி.சி., பல ஆண்டுகள் சீனியர்கள் சொன்ன வழியை அனுமதித்தது உண்மைதான். ஆனால் 2023 மார்ச் 8-உடன் சட்டம் மாறி அந்த வாசல் அடைபட்டது. வெளிநாட்டில் பல் மருத்துவராகப் படித்தவர் அந்தப் பட்டத்தை வைத்து உதவித் தொழில்களில் பதிவு பெற முடியாது. ஹைஜீனிஸ்ட் வேண்டுமென்றால் ஹைஜீனிஸ்ட் படிப்பே படித்திருக்க வேண்டும். நம் விண்ணப்பதாரர் சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருந்த மாதத்தில்தான் இது நடந்தது. மூன்று ஆண்டுக்கு முன் போனவர் சொல்லும் வழி அவர் போன நாளின் வழி.

கணவரின் விசாவில் சார்ந்து போகிறவர் அங்கே வேலை பார்க்கலாம். ஆனால் பதிவு இல்லாமல் பல் மருத்துவராக வேலை பார்க்க முடியாது. ஆகவே பயிற்சியில் இருக்கும் டென்டல் நர்ஸ் ஆகச் சேர்வது இப்போதைய வழக்கம். அதற்கு அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சம்பளம் குறைவு, கௌரவக் குறைச்சல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நாங்கள் இதை நல்ல முடிவு என்றே கருதுகிறோம். அங்குள்ள கிளினிக்கின் பேச்சு, பதிவேடு, கிருமிநீக்க ஒழுங்கு எல்லாம் காசு வாங்கிக்கொண்டே கற்கும் இடம் அது. பின்னால் வரும் செய்முறைத் தேர்வில் பாதி அதுதான்.

பெயர்

தமிழ்நாட்டுச் சான்றுகளில் பெயரும் இனிஷியலும்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இந்தக் கோப்பில் பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால். பட்டத்தில் இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர். திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர். நான்கு தாள், நான்கு ஆள். போதாததற்குப் பெயரில் வரும் ‘த’வுக்கு ஆங்கிலத்தில் டி மட்டுமா, டி-யுடன் எச்சும் சேர்த்தா என்பதிலும் பள்ளியும் பல்கலைக்கழகமும் ஒத்துப்போகவில்லை.

எந்த வாரியமும் பாஸ்போர்ட்டைத்தான் அடித்தளமாகப் பிடிக்கும். ஆங்கிலத் தேர்வும் பாஸ்போர்ட் பெயரிலேயே பதிவாகும். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டை இறுதி செய்ய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. இனிஷியலின் விரிவுதான் வித்தியாசம் என்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். எழுத்தே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுக்காரருக்குத் தமிழ்நாடு அரசிதழ். புதுச்சேரிக்காரருக்குப் புதுச்சேரி அரசிதழ். கோப்பு நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ப்பதுதான் செய்யவே கூடாத காரியம். இவர் செய்தார். ஆங்கிலத் தேர்வுச் சான்று ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் வேறு பெயரிலும் நின்றன. திருமணச் சான்றை இணைத்து விளக்கக் கடிதம் எழுதி அது சரியாவதற்கு ஏழு வாரம் போனது.

தாள்கள்

2015 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் ஊறிப்போனது. மீதியைக் காப்பாற்ற அப்பா எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிட்டார். கடலூர் மாவட்டத்தில் தானே புயலையும் அந்த வெள்ளத்தையும் பார்த்த எந்த அப்பாவும் செய்யக்கூடியதுதான். ஆனால் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை அசல் தாளின் முதுகில் பட வேண்டும். லேமினேட் செய்ததை வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கை உரிக்கப் போய்த் தாளையும் கிழித்தால், மறுபடி நகல் சான்றுக்கு விண்ணப்பம், போலீஸில் ஆவணம் காணாமல் போன அறிக்கை என்று ஒரு சுற்று. அசலுக்கு ஜிப் உறை, உயரத்தில் ஒரு இடம், 300 டி.பி.ஐ.-யில் வண்ண ஸ்கேன். அவ்வளவு போதும்.

அடுத்தது கல்லூரியின் பெயர். அண்ணாமலை நகரிலுள்ள ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-இல் தொடங்கியது. 2021-இல் அது மாநில சுகாதாரத் துறையின் கீழ் போய், அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது. விண்ணப்பதாரரின் பட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கல்லூரியின் இன்றைய முத்திரையில் வேறு பெயர். இந்தியாவில் இது யாருக்கும் புதிரல்ல. கடல் தாண்டிக் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் இரண்டு நிறுவனம். தீர்வு எளிது: டிரான்ஸ்கிரிப்ட் (பாட, மதிப்பெண் விவரத் தொகுப்பு) கேட்கும்போதே பழைய பெயர், புதிய பெயர், மாறிய ஆண்டு மூன்றையும் சொல்லி ஒரு பக்கக் கடிதம் முத்திரையுடன் வாங்கிக்கொள்வது. இதைக் கேட்காமல் போய், பின்னால் கேள்வி வந்தபிறகு சிதம்பரத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம். தற்போது படிப்பவர்கள் இதில் தப்பித்தார்கள், ஆனால் அவர்களுக்கும் தங்கள் பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது என்பதில் தெளிவு வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் தருவது பட்டம் தந்த பல்கலைக்கழகம்.

நன்னடத்தைச் சான்று, இங்கே எல்லோரும் ‘குட் ஸ்டாண்டிங்’ என்பது, சென்னையிலிருந்து மாநிலக் கவுன்சில் தருவது. ஜி.டி.சி.க்குப் போகும்போது அது மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முதல் வேலையாக இதை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது கடைசி வேலை. மற்ற எல்லாத் தாளும் மேசைக்கு வந்தபிறகுதான் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவுப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கும். இந்த விண்ணப்பதாரருக்குப் பேறுகாலத்தில் அப்படித்தான் விட்டுப்போயிருந்தது. எல்லைக்கு அந்தப்புறம் பாகூரில் வேலை பார்த்ததும் இங்கே ஒரு கேள்வியாகும். எங்கெங்கே பதிவு, எங்கெங்கே தொழில் என்று படிவம் கேட்கும். முள்ளோடைச் சாவடியைத் தினமும் ஸ்கூட்டியில் தாண்டுகிறவருக்கு அது அடுத்த ஊர். படிவத்துக்கு அது வேறு நிர்வாகம்.

1,600 மணி நேரம்

ஓ.ஆர்.இ. தேர்வுக்குப் பதிய, நோயாளியைத் தானே சேரில் வைத்துச் சிகிச்சை செய்த அனுபவம் குறைந்தது 1,600 மணி நேரம் காட்ட வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தது சேராது. படிப்பின்போது செய்ததும் சேரும், பட்டத்துக்குப் பின் செய்ததும் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும். சி.ஆர்.ஆர்.ஐ. பன்னிரண்டு மாதம். அதில் பொதுச் சுகாதாரத் துறையின் முகாம், கிராமப் பணி என்று மூன்று மாதத்தைக் கழித்துவிடுவோம். மீதி ஒன்பது மாதம், மாதம் 25 நாள், நாளுக்கு உண்மையாகச் சேரில் 5 மணி நேரம். மொத்தம் 1,125. போதவில்லை. மூன்றாம் ஆண்டு, இறுதியாண்டு கிளினிக்கல் போஸ்டிங்கைச் சேர்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் செயற்கைப் பல் துறைக்கும் பல் பாதுகாப்புத் துறைக்கும் மட்டும் தலா 370 கிளினிக்கல் மணி நேரம் உண்டு. சேர்த்தால் 1,865. தாண்டிவிட்டது. ஆனால் இதைத் துறைவாரியாகப் பிரித்து, கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டு முத்திரை போட்டுத் தர வேண்டும். ‘முழுநேரப் பயிற்சி முடித்தார்’ என்ற வழக்கமான ஒருவரிச் சான்று எதற்கும் உதவாது. ஆகவே விண்ணப்பதாரரே துறை, தேதி, வாரத்துக்கு எத்தனை அமர்வு, அமர்வுக்கு எத்தனை மணி என்று அட்டவணை தயாரித்து, தன் லாக் புத்தகத்துடன் கொண்டுபோய்க் கொடுப்பதே நடைமுறை. லாக் புத்தகத்தை இன்டர்ன்ஷிப் முடிந்ததும் எடைக்குப் போட்டவர்கள் இங்கே தலையில் கை வைக்கிறார்கள்.

இவர் லாக் புத்தகத்தைத் தொலைத்திருந்தார். கிளினிக் அனுபவத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை. அதில் சேரில் 3 மணி நேரம். ஆண்டுக்கு 300 நாள். இரண்டு ஆண்டு: 1,800. கணக்கு சரி, சாட்சி இல்லை. நியமனக் கடிதம் கிடையாது. சம்பளம் கவரில், ரொக்கமாக. கிளினிக்கின் லெட்டர்ஹெட்டில் இருந்த மின்னஞ்சல் எப்போதோ மறந்துபோன கடவுச்சொல்லுடன் கிடந்தது. “சார், வெளிநாட்டிலிருந்து வெரிஃபிகேஷன் வரும், பதில் போட்டுடுங்க சார்” என்று சொன்னால், “வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லும்மா” என்பார் முதலாளி.

சிறு கிளினிக்கில் வேலைக்குச் சேருகிறவர் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியவை: தேதியிட்ட நியமனக் கடிதம், சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கி வழியாக, வேலை நேரம் எழுதிய ஒரு வரி, மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் கிளினிக் பெற்ற பதிவுச் சான்றின் நகல். விலகும்போது, தொடங்கிய தேதி, முடித்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா என்று எழுதிய சான்று. வளைகுடா நாடுகளுக்கு இது இன்னும் அவசியம். அதைக் கீழே பார்ப்போம்.

ஆங்கிலம், இடப் பதிவு

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையாமல். சான்று இரண்டு ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குக் கேட்பதும் படிப்பதும் வந்துவிடும், எழுதுவதில் 6 வாங்கித் திரும்புவார்கள். காரணம் இலக்கணம் அல்ல. கேட்ட கேள்விக்கு நிலைப்பாடு எடுக்காமல் இரு பக்கமும் பேசிவிட்டு மனப்பாட வாக்கியங்களால் பத்தியை நிரப்புவது. இவர் இரண்டாம் முறையில் பெற்றார்.

ஓ.ஆர்.இ.-யின் முதல் பகுதித் தேர்வு லண்டனில், கணினியில், இரண்டு தாள், தலா 3 மணி நேரம். கொரோனாவில் 2020 முதல் 2022 வரை தேர்வே நின்றிருந்ததால் பெரும் வரிசை சேர்ந்தது. பிறகு ஓர் அமர்வுக்கு 200 ஆக இருந்த முதல் பகுதி இடங்கள் 600 ஆயின. முதல் பகுதியின் நெரிசல் குறைந்தது, அந்தக் கூட்டம் முழுதும் இரண்டாம் பகுதியின் வாசலில் போய் நிற்கிறது. பதிவு திறந்த சில நிமிடத்தில் இடம் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் இந்திய வங்கி அட்டை ‘அனுமதி இல்லை’ என்று சொல்வது சாதாரணம். பன்னாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து, நாள் வரம்பை உயர்த்தி, ஒரு சிறு தொகை வெளிநாட்டுத் தளத்தில் செலவழித்துச் சோதித்துவைக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் எண் ரோமிங்கில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் பகுதிக்கு நான்கு வாய்ப்பு. முதன்முறை எழுதிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் பகுதியைத் தேற வேண்டும். ஆகவே ‘சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்’ என்பது இங்கே விலையுள்ள விளையாட்டு. எழுதிய அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

பிளாஸ்டிக் பல்

இரண்டாம் பகுதியில் நான்கு கூறுகள்: பிளாஸ்டிக் பற்கள் பொருத்திய மேனிக்கின் தலையில் செய்முறை, நிலையம் நிலையமாகத் திறனைச் சோதிக்கும் ஓ.எஸ்.சி.இ., நோயறிந்து சிகிச்சைத் திட்டம் வகுப்பது, மருத்துவ அவசரநிலை. நான்கிலும் தேற வேண்டும். கைவேலையில் இந்தியர்கள் கெட்டிக்காரர்கள் என்ற நம்பிக்கையுடன் போகிறவர்கள் தடுமாறுவது மேனிக்கினில்தான்.

காரணங்கள் குறிப்பானவை. இங்கே பெரும்பாலான கிளினிக்குகளில் நோயாளியைப் பாதி சாய்த்து, மருத்துவர் எழுந்து நின்று, குனிந்து நேராகப் பார்த்து வேலை செய்கிறார். அங்கே தலை முழுவதும் மல்லாந்து கிடக்க வேண்டும். மேல்தாடைப் பற்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும்போது கை தானாகத் திரும்பப் பழக ஆறு வாரமாவது ஆகும். தேர்வு எழுதுகிறவர் உட்காரும் விதத்துக்கும் தேர்வாளர் மதிப்பெண் போடுகிறார்.

பிளாஸ்டிக்குக்கு எனாமலின் கெட்டி கிடையாது. ஏரோட்டர் என்னும் சுழல் வெட்டுக் கருவியை நிஜப் பல்லில் அழுத்துவதுபோல் அழுத்தினால் ஒரே தொடுதலில் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். தண்ணீர் குறைந்தால் பிளாஸ்டிக் உருகிப் பர் என்னும் வெட்டுமுனையில் சுற்றிக்கொள்ளும். பிறகு அது வெட்டாது, உரசும். மென்மையாக, தூரிகை ஓட்டுவதுபோல, விட்டுவிட்டு. சில மையங்களில் காற்றில் ஓடும் ஹேண்ட்பீஸுக்குப் பதில் மின் மோட்டார் ஹேண்ட்பீஸ் இருக்கும். அது அழுத்தினாலும் வேகம் குறையாது, ஆகவே தவறும் நிற்காது.

பின்பல்லில் முழு உலோக கேப் தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். கடிக்கும் முகட்டில் 1.5 மில்லிமீட்டர், மற்ற முகட்டில் 1, ஓரத்தில் 0.5 மில்லிமீட்டர் சேம்ஃபர், அதாவது வளைந்த விளிம்பு. தோல்வி நேரும் இடங்கள் மூன்று. கடைவாய்ப் பக்கத்தில் பர் சாய்ந்து அண்டர்கட், அதாவது உட்குழிவு, விழுவது. பயத்தில் சுவர்களை அதிகமாகச் சாய்த்து, பல்லைக் கூம்பாக்குவது. பக்கத்துப் பல்லைக் கீறுவது. மூன்றாவதுதான் அதிகம். பக்கத்துப் பல்லை ஒட்டிய சுவரில் பர்ரை நேரே விடாமல், வெட்டும் பல்லின் சொந்தச் சுவரிலேயே மெல்லிய தகடு ஒன்றை விட்டு உள்ளே வெட்டிச் சென்று, கடைசியில் அந்தத் தகட்டை உடைத்தெடுக்க வேண்டும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததுதான்; கிளினிக்கில் நாளுக்கு ஐந்து கேப் போடும் வேகத்தில் மறந்துபோனது. பயிற்சியின்போது வெட்டுவதற்கு முன் புட்டி என்னும் அச்சுப் பசையால் அச்செடுத்து நடுவில் அறுத்து வைத்துக்கொண்டால், வெட்டிய ஆழத்தை ஒவ்வொரு முறையும் அளக்கலாம். கண்ணளவு பொய் சொல்லும்.

பல்லை அடைக்கும் பழைய உலோகக் கலவையான அமால்கம் இன்னொரு சங்கடம். இங்கே பல கிளினிக்குகளில் அது நின்று ஆண்டுக்கணக்காகிறது. அந்தத் தேர்வில் அதைக் கேட்கலாம். 2 மில்லிமீட்டர் ஆழம், சுவர்கள் மேல்நோக்கிச் சற்றே குவிதல், ஓரத்தில் தொண்ணூறு டிகிரி, மேட்ரிக்ஸ் பேண்டும் ஆப்பும் வைத்து இடைவெளியில்லாத தொடுகை. ஒட்டுவதையே பழகிய கைக்கு, இயந்திரப் பிடிப்பை நம்பி வெட்டுவது திரும்பக் கற்கவேண்டிய வித்தை. வேலை செய்யும் பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் டாம் விரிப்பைப் போடுவதும் அப்படியே.

மயக்க ஊசியில்கூட ஒரு பழக்க வேறுபாடு. இங்கே 30 மில்லி லிக்னோகெய்ன் குப்பியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுகிறோம். அங்கே கார்ட்ரிட்ஜ், உறிஞ்சிப் பார்க்கும் சிரிஞ்ச், ஊசிமுனைப் பாதுகாப்பு. கையில் பிடித்தே பார்க்காமல் தேர்வுக்குப் போகக் கூடாது.

சிகிச்சைத் திட்டப் பகுதியில் மதிப்பெண் போவது அறிவின்மையால் அல்ல, நம் ஊர்ப் பழக்கத்தால். பல் வலி என்றதும் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாளைக்கு எழுதும் கை அங்கே அடக்கப்பட வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்கூழ் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் எழுதினால் அது பிழை. ஈறு பரிசோதனைக்கு பி.பி.இ. என்ற பிரிட்டிஷ் முறை: முனையில் 0.5 மில்லிமீட்டர் உருண்டையும் 3.5 முதல் 5.5 வரை கறுப்புப் பட்டையும் கொண்ட ப்ரோப். பட்டை பாதி மறைந்தால் 3, முழுதும் மறைந்தால் 4. எக்ஸ்ரே எடுப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். நோயாளியாக நடிப்பவரிடம் கேரீஸ் என்று பேசாமல், சொத்தை என்று இங்கே எப்படிச் சொல்வோமோ அப்படி அவர் மொழியில் சொல்ல வேண்டும். “பயப்படாதீங்க, சின்ன ஊசிதான்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது நம் கனிவு. அங்கே அது சம்மதம் பெறாதது.

அவசரநிலையிலிருந்து ஓர் உதாரணம்: அனஃபைலாக்ஸிஸ் என்னும் உயிராபத்தான ஒவ்வாமை. இங்கே கை முதலில் போவது அவிலுக்கும் ஸ்டீராய்டுக்கும். தேர்வு கேட்பது அட்ரினலின், 1:1000, அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதமின்றி. நோயாளி தேறவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. ஆக்ஸிஜன் நிமிடத்துக்கு 15 லிட்டர். இதயம் நின்றால் 30 மார்பு அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். உண்மையில் இது எந்த நாட்டுக்கும் போகாதவரும் தெரிந்திருக்க வேண்டியது.

பணம்

2024 வாக்கில் முதல் பகுதிக் கட்டணம் 584 பவுண்டு, இரண்டாம் பகுதி 4,235. சேர்த்து 4,819. பவுண்டுக்கு 110 ரூபாய் என்றால் சுமார் 5 லட்சத்து 30 ஆயிரம். இது ஒவ்வொன்றையும் முதல்முறையிலேயே தேறியவரின் கணக்கு. விசா, இரண்டு விமானப் பயணம், தங்கல், மேனிக்கின் பயிற்சி வகுப்பு எல்லாம் இதற்கு மேல். பி.டி.எஸ். கல்விக்கடன் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்தத் தொகைக்கு நகைதான் வழி. இரண்டாம் பகுதியை மறுபடி எழுத நேர்ந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே ஒதுக்கி வைக்காதவர், அந்தப் பயத்துடன்தான் பர்ரைப் பிடிக்கிறார்.

பதிவு கிடைத்த பிறகும் ஒரு படி இருக்கிறது. தனியார் சிகிச்சை உடனே தரலாம். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நோயாளிகளைப் பார்க்க, அதற்குரிய மருத்துவர் பட்டியலான பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட்டில் சேர வேண்டும், அதற்கு மேற்பார்வைக்கு ஒப்புக்கொள்ளும் கிளினிக் ஒன்று வேண்டும். 2024-இல் வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்குத் தற்காலிகப் பதிவு தருவது பற்றிப் பிரிட்டன் அரசு கருத்துக் கேட்டது. அதை நம்பித் தேர்வை ஒத்திப்போடுவது சரியல்ல.

மற்ற வாசல்கள்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வீடுகளுக்கு வளைகுடா அடுத்த தெரு மாதிரி. அங்கே தேர்வு ஒப்பீட்டளவில் சிறிது, கணினியில் ஒரு நாள். சல்லடை டேட்டாஃப்ளோ என்னும் மூலச் சரிபார்ப்பு. பட்டம், பதிவு, அனுபவம் ஒவ்வொன்றையும் வழங்கிய இடத்திலேயே கேட்டு உறுதிசெய்வார்கள். மூடிப்போன கிளினிக், பதில் தராத கிளினிக், தேதி ஒரு மாதம் முன்பின்னாக எழுதிய சான்று எல்லாம் அங்கே ‘முரண்பாடு’ என்று பதிவாகும். அந்தப் பதிவு அடுத்த நாட்டு விண்ணப்பத்திலும் தலைகாட்டலாம். இன்டர்ன்ஷிப் அனுபவமாகச் சேராது. அனுபவத்தை நீட்டி எழுதித்தரும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ சான்றைத் தொடவே கூடாது.

ஆஸ்திரேலியாவில் ஆவண மதிப்பீடு, எழுத்துத் தேர்வு, மெல்பர்னில் செய்முறை என்று மூன்று படி. எழுத்துத் தேர்வு இரண்டு நாள், 280 கேள்வி; உலகெங்கும் மையங்கள் இருப்பதால் முதல் கட்டத்துக்கு விசாவும் விமானமும் வேண்டாம். கையில் பணம் குறைவாக, படிப்பில் பலமாக இருப்பவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். கனடாவில் அடிப்படை அறிவு, சிகிச்சை முடிவெடுக்கும் திறன், பிறகு ஒட்டாவாவில் செய்முறை என்று தேர்வுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அங்கீகரிக்கப்பட்ட அமெரிக்கப் படிப்பையே கேட்பதால், ஐ.என்.பி.டி.இ. என்ற 500 கேள்வித் தேர்வை இரண்டு நாளில் எழுதித் தேறியபிறகும், கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். அங்கே பற்களுக்கு 1 முதல் 32 வரை எண். நாம் 16 என்பது அவர்களுக்கு 3. சின்ன விஷயம், தவறான பல்லை எடுப்பதற்குப் போதுமான விஷயம்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு மயக்கமும் உண்டு. முன்னோர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்களில் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கும். உள்ளூரில் பி.டி.எஸ். படித்த பிள்ளை, கார்த்து (பிரெஞ்சு அடையாள அட்டை) இருப்பதால் பிரான்சில் நேராகக் கிளினிக் திறந்துவிடலாம் என்று வீட்டில் நினைப்பார்கள். குடியுரிமை ஆளுக்கு, அங்கீகாரம் பட்டத்துக்கு. ஐரோப்பாவுக்கு வெளியே பெற்ற பட்டம் என்றால் பிரெஞ்சுக் குடிமகனுக்கும் அறிவுச் சோதனைத் தேர்வு உண்டு. அது தேர்ச்சி மார்க் வாங்கினால் போதும் என்ற வகை அல்ல. ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும் இடங்களுக்கான போட்டி. பிறகு மேற்பார்வையில் வேலை, அதன்பின் குழுவின் அனுமதி, கடைசியில் தொழில் ஒழுங்கு அமைப்பான ஓர்ட்ரில் பதிவு. நேஷனாலிட்டி மிச்சப்படுத்துவது விசாவை மட்டும். ஓர் ஐரோப்பிய நாடு பட்டத்தை ஏற்று, அங்கே மூன்று ஆண்டு தொழில் செய்திருந்தால் மற்ற உறுப்பு நாடுகளில் வழி சற்று இளகும். அந்த மூன்று ஆண்டைத் தரும் நாடு எது என்று தேடுவதே தனி வேலை.

கோப்பு இப்போது

2023 தொடக்கத்தில் திறந்த கோப்பில் பெயரும் தாள்களும் ஒழுங்குக்கு வரவே பதினோரு மாதம் போனது. 1,600 மணி நேரச் சான்று இருமுறை திரும்பி வந்து, துறைவாரி அட்டவணையுடன் போனபிறகு ஏற்கப்பட்டது. முதல் பகுதியை முதன்முறை எழுதியது 2024 ஆகஸ்ட். தேறியது இரண்டாம் முறையில், 2025-இல். வாரத்தில் நான்கு நாள் டென்டல் நர்ஸ் பயிற்சி, மீதி நாள்களில் வாடகை மேனிக்கினில் மேல்தாடைப் பற்கள். ஐந்தாண்டுக் கடிகாரம் முதன்முறை எழுதிய தேதியிலிருந்தே எண்ணப்படும். கோப்பின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் கடைசித் தேதி 2029 ஆகஸ்ட்.